ஸ்விட்ச் போடும் முன் ஓம் பாருங்கள்: கிட்டார் ஹெட்டையும் கேபினட்டையும் ஜோடி சேர்ப்பது எப்படி

பெங்களூரில் நான் பார்த்தவரை, முதல் ஆம்ப் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஹெட்டை ஒருவரிடமும் கேபினட்டை இன்னொருவரிடமும்தான் வாங்குகிறார்கள். கோரமங்கலாவில் வேலை மாறி ஊரைவிட்டுப் போகிற ஒருவர் ஹெட்டை விற்பார். லிங்கராஜபுரத்தில் பேண்டு கலைந்துபோய், வீட்டில் இடத்தை அடைக்கிறது என்று இன்னொருவர் கேபைத் தள்ளிவிடுவார். இரண்டையும் கொண்டுவந்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துவிட்டால் பார்க்க ஜோடி மாதிரியே இருக்கும். ஆனால் அந்த இரண்டும் சேருமா என்பது பார்த்துத் தெரிகிற விஷயம் இல்லை, அளந்து தெரிகிற விஷயம்.

போன மாதம் எங்கள் காக்ஸ் டவுன் தெருப் பையன் ஒருவன் போன் செய்தான். சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறவன். "அண்ணா, ஹெட்டுக்குப் பின்னாடி அஞ்சு ஓட்டை இருக்கு. எல்லாம் ஒரே சைஸ். எதுல சொருகறது?" என்றான். "ஸ்விட்ச் போட்டுட்டியா?" என்றேன். "இன்னும் இல்லண்ணா." "அப்ப போடாத, வர்றேன்." அன்றைக்கு அவனுக்குச் செய்து காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனிடம் இருந்தது 50 வாட் ட்யூப் ஹெட்டும், இரண்டு ஸ்பீக்கர் உள்ள கேபும். உங்களிடம் இருப்பது வேறாக இருக்கலாம், வழி ஒன்றுதான்.

பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆம்ப்ளிஃபயர் மட்டும் இருக்கிற பெட்டி ஹெட். ஸ்பீக்கர் மட்டும் இருக்கிற பெட்டி கேபினட், சுருக்கமாகக் கேப். இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் காம்போ. அதைத் தொழிற்சாலையிலேயே பொருத்தம் பார்த்து அனுப்பிவிடுவார்கள். 2×12 என்றால் 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, 4×12 என்றால் நான்கு. மேடையில் இரண்டு 4×12 கேப்களை அடுக்கி மேலே ஹெட் வைத்திருப்பார்களே, அது 1965 வாக்கில் லண்டனில் வந்த பழக்கம். தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் எட்டு ஸ்பீக்கரையும் ஒரே பெட்டியில் வைத்துத் தரும்படி ஜிம் மார்ஷலிடம் கேட்டார், தூக்குகிறவர்களுக்கு முடியவில்லை, அதை இரண்டாக்கி ஒன்றின்மேல் ஒன்று வைத்தார்கள்.

ட்யூபா, டிரான்சிஸ்டரா?

ஓம், வாட் எல்லாம் இதற்கு அப்புறம்தான். ஹெட்டின் பின்பக்கக் கம்பி வலை வழியே பாருங்கள். கட்டைவிரலை விடப் பெரிய கண்ணாடிக் குழாய்கள் இரண்டோ நான்கோ தெரிந்தால் அது ட்யூப் ஆம்ப். இ.எல்.34, இ.எல்.84, 6எல்6, 6வி6 என்று அவற்றுக்குப் பெயர் இருக்கும். ஒரே ஒரு சின்னக் குழாய் மட்டும் இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். ஆரஞ்ச் மைக்ரோ டெரர் மாதிரிக் குட்டி ஹெட்களில் ப்ரீஆம்ப், அதாவது கிட்டார் சிக்னலை முதலில் பெரிதாக்குகிற பகுதி, மட்டும்தான் ட்யூப்; ஸ்பீக்கரைத் தள்ளுகிற வேலையை டிரான்சிஸ்டர்தான் செய்கிறது. அதனால் ஸ்பீக்கர் விஷயத்தில் அதை டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

இது ஏன் முக்கியம்? ட்யூபுக்கே இன்னொரு பெயர் வால்வு; அது சில நூறு வோல்ட்டில் கொஞ்சமாகக் கரண்ட் ஓட்டுகிற சாமான். ஸ்பீக்கருக்கு வேண்டியது குறைந்த வோல்ட், நிறையக் கரண்ட். நடுவில் நின்று இதை அதுவாக மாற்றிக் கொடுப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். ஸ்பீக்கர் இல்லாமல் ட்யூப் ஹெட்டை ஓட்டி கிட்டாரில் ஒரு தட்டு தட்டினால், அந்த டிரான்ஸ்ஃபார்மரில் சேர்கிற சக்திக்குப் போக இடமில்லை. வோல்டேஜ் திடீரென்று எகிறி, கம்பிச் சுற்றின்மேல் இருக்கிற வார்னிஷைத் துளைத்துக்கொண்டு பாயும். போனால் டிரான்ஸ்ஃபார்மரையே மாற்ற வேண்டும், அல்லது புதிதாகச் சுற்ற வேண்டும். அதனால் ட்யூப் ஹெட்டுக்கு எப்போதும் ஸ்பீக்கர் வேண்டும், அதுவும் சரியான ஓமில் வேண்டும்.

டிரான்சிஸ்டர் ஹெட் இதற்கு நேர்மாறு. ஸ்பீக்கர் இல்லாவிட்டால் பொதுவாக அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பின்னால் "குறைந்தபட்சம் 4 ஓம்" என்றோ "8 ஓம்" என்றோ எழுதியிருப்பார்கள். அதற்குக் கீழே போனால் கரண்ட் அதிகமாகி, சூடேறி, அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். மேலே போனால் சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். 4 ஓமில் 100 வாட் தருகிற ஹெட், 8 ஓமில் ஏறக்குறைய 60 வாட் தரும்.

ஓம் கணக்கு

சிக்னல் ஓடும்போது ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டுகிற தடைக்கு இம்பீடன்ஸ், தமிழில் மின்மறுப்பு, என்று பெயர்; அதை ஓமில் அளப்பார்கள். கடையிலும் ஜாம் ரூமிலும் "எத்தனை ஓம்?" என்றுதான் கேட்பார்கள். கிட்டார் உலகத்தில் மூன்றே எண்கள்: 4, 8, 16. ஒரே 50 வாட்டை 8 ஓமுக்குக் கொடுத்தால் 20 வோல்ட், இரண்டரை ஆம்பியர். 16 ஓமுக்குக் கொடுத்தால் 28 வோல்ட், 1.8 ஆம்பியர். சத்தம் ஒன்றுதான், அது போகிற விதம் வேறு. ஹெட்டுக்கு இது முன்கூட்டியே தெரிய வேண்டும்.

பத்தாம் வகுப்பில் படித்த தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் இங்கே அப்படியே வேலை செய்கின்றன. தொடரில் கூட்ட வேண்டும்: 8ம் 8ம் 16. பக்க இணைப்பில், ஒரே மாதிரி ஸ்பீக்கர்கள் என்றால், எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்: 16 ஓம் இரண்டு சேர்ந்தால் 8, 8 ஓம் இரண்டு சேர்ந்தால் 4. நான்கு ஸ்பீக்கர் கேப்பில் இரண்டிரண்டாகத் தொடரில் சேர்த்து, அந்த இரண்டு ஜோடியையும் பக்கமாகச் சேர்ப்பார்கள். அப்படிச் செய்தால் ஒரு ஸ்பீக்கரின் ஓம் எதுவோ அதுவே கேப்பின் ஓமாக வந்து நிற்கும்.

புதிதாக வருகிறவர்கள் தவறுகிற இடம் இதுதான். எங்கள் தெருப் பையனும் இங்கேதான் தவறினான். "பதினாறு ஓம்னுதான் வித்தவர் சொன்னாருண்ணா, நானும் பார்த்தேன், ஸ்பீக்கர் பின்னாடியே எழுதியிருக்கு" என்றான். எழுதியிருந்தது உண்மை. ஆனால் அது ஒவ்வொரு ஸ்பீக்கரின் காந்தத்தின்மேல் ஒட்டியிருந்த எண். இரண்டு 16 பக்க இணைப்பில் சேர்ந்த அந்தக் கேப் 8 ஓம். விற்றவர் பொய் சொல்லவில்லை, தப்பான எண்ணைப் படித்திருக்கிறார்.

அளப்பது

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். டவுன் ஹால் பக்கம் எஸ்.பி. ரோட்டுக்குப் போனால் கடைக்குக் கடை தொங்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதே இந்த வேலைக்குப் போதும். கிட்டாருக்குப் புதுக் கம்பி வாங்குவதற்கு முன்னால் இதை வாங்குங்கள் என்றுகூடச் சொல்வேன்.

கேப்பை ஹெட்டிலிருந்து முழுக்கக் கழற்றிவிடுங்கள். ஸ்பீக்கர் ஒயரின் ஒரு முனையைக் கேப்பில் சொருகுங்கள், மறுமுனை உங்கள் கையில் இருக்கட்டும். மீட்டரை ஓம் பக்கம் 200இல் வையுங்கள். முதலில் சிவப்பு ஊசியையும் கறுப்பு ஊசியையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.3, 0.4 என்று ஏதாவது காட்டும். அது மீட்டர் ஒயரின் சொந்தக் கணக்கு, கடைசியில் கழித்துக்கொள்ளலாம். இப்போது சிவப்பு ஊசியைப் பிளக்கின் நுனியிலும், கறுப்பு ஊசியைத் தண்டுப் பகுதியிலும் வையுங்கள்.

8 ஓம் கேப் என்றால் மீட்டர் 8 காட்டாது. மீட்டர் அளப்பது கம்பிச் சுருளின் நேர்மின்தடையை மட்டும்; சத்தம் ஓடும்போது வருகிற மின்மறுப்பு அதைவிடக் கொஞ்சம் அதிகம், அதுவும் சுருதிக்குச் சுருதி மாறும். அதனால் இப்படிப் படியுங்கள்: 3 முதல் 3.5 வரை வந்தால் 4 ஓம் கேப். 5.5 முதல் 7 வரை என்றால் 8 ஓம். 11 முதல் 13.5 வரை என்றால் 16 ஓம். பையனுடைய கேப் 6.6 காட்டியது.

ஊசியை எடுக்காமலே இன்னொன்று செய்யுங்கள். ஸ்பீக்கரின் முன்வலையைக் கழற்ற முடிந்தால், விரல் ஐந்தையும் விரித்துக் கோனின்மேல் (ஸ்பீக்கரின் முன்னால் இருக்கிற காகிதக் கூம்பு) சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். மீட்டரில் எண் துள்ளும். சுருள் காந்தத்துக்குள் நகர்ந்து சின்ன மின்சாரத்தை உண்டாக்குவதால் வருகிற துள்ளல் அது. அந்த ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அழுத்தும்போது மணல்தாள் உரசுகிற மாதிரி 'கர்' என்று கேட்டால் சுருள் கோணிவிட்டது. வாங்குவதற்கு முன்பே இதைச் செய்தால் விலை பேச உங்களிடம் ஒரு காரணம் இருக்கும்.

மேலே சொன்ன எண்களில் அடங்காத ஏதாவது வந்தால் உள்ளே கதை இருக்கிறது. 8 ஓம் என்று சொன்ன 2×12 கேப் 13 காட்டுகிறதா? இரண்டு 16இல் ஒன்று செத்துவிட்டது. 16 ஓம் 4×12 கேப் 25 பக்கம் காட்டினால், தொடரில் இருந்த ஒரு ஸ்பீக்கர் போய் அதன் ஜோடியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. 4.2 மாதிரி இரண்டும்கெட்டானாக வந்தால் 8 ஓமையும் 16 ஓமையும் யாரோ கலந்து போட்டிருக்கலாம். ஒன்றுமே காட்டாவிட்டால் ஒயரை முதலில் சந்தேகப்படுங்கள், அப்புறம் கேப்பை.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வருஷத்துக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு என்னுடைய 50 வாட் ஹெட்டை எடுத்துக்கொண்டு போனேன். கேப் வாடகைக்கு வந்தது. பின்தகட்டில் 16 ஓம் என்று அச்சடித்திருந்தது, நானும் ஹெட்டை 16இல் வைத்தேன். மூன்றாவது பாட்டில் சத்தம் சோர்ந்துபோன மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் இரண்டு இ.எல்.34க்குள்ளும் இருக்கிற சாம்பல் நிறத் தகடு, ஊதிவிட்ட அடுப்புக்கரி மாதிரிச் செக்கச்செவேல் என்று சிவந்திருந்தது. ஸ்டாண்ட்பை ஸ்விட்சுக்கு (வால்வைச் சூடாகவே வைத்துச் சத்தத்தை மட்டும் நிறுத்துகிற ஸ்விட்ச்) கை போவதற்குள் ஃப்யூஸ் போய்விட்டது. மறுநாள் அந்தக் கேப்பைத் திறந்து பார்த்தோம். தொடரில் இருக்க வேண்டிய இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை, எப்போதோ ரிப்பேர் செய்த யாரோ பக்க இணைப்பில் சேர்த்து ஈயம் வைத்திருந்தார்கள். 16 எழுதிய பெட்டி உண்மையில் 4 ஓம். வால்வு ஜோடி போனது, டிரான்ஸ்ஃபார்மர் தப்பியது. மீட்டர் வைத்திருந்தால் மூன்றேகால் காட்டியிருக்கும், ஒரு நிமிஷ வேலை. அன்றிலிருந்து எந்தத் தகட்டையும் நான் நம்புவதில்லை.

அந்த ஐந்து ஓட்டைகள்

பையனுடைய ஹெட்டில் இருந்த ஐந்தில் மூன்றுதான் ஸ்பீக்கருக்கு. மற்ற இரண்டும் எஃபெக்ட்ஸ் பெடல்களுக்கான சென்ட், ரிடர்ன். அளவு ஒன்றே என்பதால் கேப் ஒயரைச் சென்ட் ஓட்டையில் சொருகிவிட யாருக்கும் கை வரும். சொருகினால் சத்தம் வராது என்பது மட்டும் பிரச்சினை இல்லை. ஸ்பீக்கர் ஓட்டை காலியாக இருப்பதால் ட்யூப் ஹெட் சுமை இல்லாமல் ஓடும். லைன் அவுட், ஹெட்போன் ஓட்டைகளும் அப்படித்தான். "ஸ்பீக்கர்" என்றோ, ஓம் எண்ணோடோ எழுதியிருக்கிற ஓட்டை மட்டுமே கேப்புக்கு.

ஸ்பீக்கர் ஓட்டைகளின் மேல் 1×16, 1×8, 2×16, 1×4, 2×8 என்று எழுதியிருக்கும். 1×8 என்றால் 8 ஓம் கேப் ஒன்று. 2×16 என்றால் 16 ஓம் கேப் இரண்டு, இரண்டும் சேர்ந்து 8. அதனால்தான் 1×8, 2×16 இரண்டையும் ஒரே இடத்தில் எழுதியிருப்பார்கள். சில ஹெட்களில் ஓட்டைகளுக்குப் பதில் 4, 8, 16 என்று திருப்புகிற ஸ்விட்ச் இருக்கும். அதை ஆம்ப் ஓடும்போது திருப்பக் கூடாது.

சரி, எண் ஒத்துவரவில்லை, இன்றைக்கே வாசித்தாக வேண்டும் என்றால்? ஹெட் 8இல், கேப் 16 என்று கேப் ஒரு படி மேலே இருப்பதை மெசா பூகி போன்ற ட்யூப் ஆம்ப் தயாரிப்பாளர்கள் அனுமதிக்கிறார்கள். ஹெட் 8இல், கேப் 4 என்று கீழே போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இரண்டு படி வித்தியாசம் எந்தப் பக்கமும் கூடாது. எனக்கு நடந்தது அதுதான். உங்கள் ஹெட்டின் கையேடு என்ன சொல்கிறதோ அதைக் கேளுங்கள், நான் சொல்வதற்கும் மேலே அது.

கேப்பின் பின்பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். மார்ஷல் 1960ஏ மாதிரி 4×12 கேப்பில் மோனோ, ஸ்டீரியோ ஸ்விட்ச் ஒன்று இருக்கும். மோனோவில் ஒரு ஓட்டை 16 ஓம், இன்னொன்று 4 ஓம். ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 8 ஓம். ஒரே பெட்டி, மூன்று எண். எந்த ஓட்டையில் எந்த நிலையில் சொருகப் போகிறீர்களோ அதே நிலையில் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

இரண்டு கேப் சேர்த்தால்

ஹெட்டில் இருக்கிற இரண்டு ஸ்பீக்கர் ஓட்டைகளும், கேப்பில் இன்னொரு கேப்பைச் சேர்க்க இருக்கிற லிங்க் ஓட்டையும் ஏறக்குறைய எப்போதும் பக்க இணைப்புதான். 8ம் 8ம் 4. 16ம் 16ம் 8. 8ஐயும் 16ஐயும் சேர்த்தால் 5.3 வரும், சக்தியில் மூன்றில் இரண்டு பங்கை 8 ஓம் கேப் எடுத்துக்கொள்ளும். ஒரு கேப் கத்தும், மற்றது முனகும். அதைத் தவிர்த்துவிடுங்கள்.

வாட்

ஓம் முடிந்த பிறகுதான் வாட். ஹெட்டின் வாட்டைவிடக் கேப்பின் வாட் பெரிதாக இருக்க வேண்டும், ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்டில் எழுதியிருக்கிற 50 வாட், சுத்தமான சத்தத்துக்கான கணக்கு. டிஸ்டார்ஷனில் முறுக்கிவிட்டால் அதற்கு மேலேயும் போகும். செலஸ்டியன் கம்பெனியின் கிரீன்பேக் ஸ்பீக்கர் ஒன்று 25 வாட் தாங்கும். அதில் இரண்டு போட்ட கேப் காகிதத்தில் 50 வாட். 50 வாட் ஹெட்டை முழுக்கத் திறந்து வாசிக்கிறவர் அதை நம்பக் கூடாது. அதே இடத்தில் அதே கம்பெனியின் வின்டேஜ் 30 ஸ்பீக்கர் இரண்டு இருந்தால் (30 என்பது பெயர்தான், வாட் இல்லை), ஒன்று 60 வாட், மொத்தம் 120, கவலை இல்லை.

"கேப் 300 வாட், என் ஹெட் 20 வாட், ஹெட் திணறாதா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். திணறாது. கேப்பின் வாட் என்பது அது தாங்குகிற அளவு. வேண்டும் என்று ஹெட்டிடம் கேட்கிற அளவு இல்லை. தண்ணீர்த் தொட்டி பெரிதாக இருப்பதால் மோட்டாருக்கு ஒன்றும் ஆவதில்லையே.

சத்தத்துக்கு வாட்டை மட்டும் பார்க்கிற பழக்கத்தையும் விட்டுவிடலாம். ஸ்பீக்கரின் விவரத்தாளில் சென்சிடிவிட்டி என்று ஒரு எண் இருக்கும்: ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல். வின்டேஜ் 30க்கு அது 100, 1960ஏ கேப்பில் வருகிற ஜி12டி-75க்கு 97. மூன்று டெசிபல் வித்தியாசம் என்றால் ஹெட்டின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் நடுவில் இருப்பதும் அதே மூன்று டெசிபல்தான். 100 வாட் ஹெட்டுக்குக் காசு சேர்க்கிற தம்பிகள் இதை ஒரு முறை யோசித்துப் பாருங்கள்.

ஒயர்

கிட்டாரிலிருந்து ஆம்ப்புக்குப் போகிற ஒயரும், ஹெட்டிலிருந்து கேப்புக்குப் போகிற ஒயரும் வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பிளக்கும் ஒன்றே. ஆனால் பிளக்கின் மூடியைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். கிட்டார் ஒயரில் நடுவே தலைமுடி மாதிரி மெல்லிய ஒரு கம்பிக் கற்றை, அதைச் சுற்றி வலை. வலை, வெளியிலிருந்து இரைச்சல் வராமல் தடுக்க. நடுக்கம்பி, மில்லிவோல்ட் அளவில் வருகிற கிட்டார் சிக்னலுக்கு. அதன் வழியே இரண்டு, மூன்று ஆம்பியரை ஓட்டினால் சூடாகும், உறை இளகி நடுக்கம்பியும் வலையும் தொட்டுக்கொண்டால் ஷார்ட். அறுந்தால் ஹெட்டுக்குச் சுமையே இல்லை. இரண்டுமே ஹெட்டுக்குக் கேடு.

ஸ்பீக்கர் ஒயரில் ஒரே தடிமனில் இரண்டு கம்பிகள் பக்கம் பக்கமாக இருக்கும். கடையில் கிடைக்காவிட்டால் செய்துகொள்ளலாம். எலெக்ட்ரிக்கல் கடையில் 1.5 சதுர மில்லிமீட்டர் இரண்டு கோர் ஃப்ளெக்ஸிபிள் ஒயர் ஒன்றரை மீட்டர், எஸ்.பி. ரோட்டில் நல்ல உலோக மூடி போட்ட இரண்டு மோனோ பிளக். இரண்டு முனையிலும் ஒரே நிறக் கம்பி நுனிக்கும், மற்றது தண்டுக்கும் வருகிற மாதிரி ஈயம் வைத்து, மீட்டரில் சரிபாருங்கள். செய்த ஒயரில் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள். மேடை அவசரத்தில் கிட்டார் ஒயரோடு கலந்துவிடாமல் இருக்க அது ஒன்றே வழி. அதை மாற்றி கிட்டாருக்குப் போட்டால் வலை இல்லாததால் 'ம்ம்ம்' என்று இரையும், வேறு ஆபத்து இல்லை.

ஒயர் கையில் இருக்கும்போதே துருவமும் பார்த்துவிடலாம். 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனையை நுனியிலும் எதிர்முனையைத் தண்டிலும் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். கேப்பில் உள்ள எல்லாக் கோன்களும் வெளியே வர வேண்டும். ஒன்று மட்டும் உள்ளே போனால் அதன் ஒயர் தலைகீழாக இருக்கிறது. அடிச்சத்தம் ஒன்றையொன்று விழுங்கி, கிட்டார் தகர டப்பா மாதிரி கேட்கும்.

வீட்டு மின்சாரம்

வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த ஹெட் என்றால் பின்னால் 120 வோல்ட் என்றோ, ஜப்பானுடையது என்றால் 100 என்றோ இருக்கும். நம் ஊரில் 230. நேராகச் சொருகினால் அதோடு கதை முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். 100 வாட் ட்யூப் ஹெட்டுக்கு 500 வி.ஏ. அளவாவது இருக்கட்டும். பிளக்கில் மூன்றாவது முள்ளை, அதாவது எர்த்தை, இரைச்சல் போவதற்காக உடைத்துவிட்டு விற்கிறவர்கள் உண்டு. அந்த ஒயரை மாற்றாமல் கிட்டாரைத் தொடாதீர்கள். உங்கள் விரல் கம்பியில், உதடு மைக்கில். கரண்ட் கசிந்தால் நடுவில் இருப்பது நீங்கள்.

எந்தக் கேப்?

இதில் என் சொந்த அபிப்பிராயம் நிறையக் கலந்திருக்கும். 1960ஏ கேப் 36 கிலோ. மூன்றாவது மாடியில் லிஃப்ட் இல்லாத வீட்டுக்கு அது வேண்டாம். ஒரு நல்ல 1×12 கேப் ஆட்டோவின் பின்சீட்டில் உட்காரும், சர்ச் ஹாலுக்கும் போதும். பின்பக்கம் திறந்த கேப்பில் சத்தம் அறை முழுக்கப் பரவும், சுத்தமான ஒலிக்கு அழகு. மூடிய கேப்பில் அடிச்சத்தம் இறுகி நேராக முன்னால் வரும், கனமான ராக் வாசிக்கிறவர்களுக்கு அதுதான் பிடிக்கும். கிட்டார் ஹெட்டை பேஸ் கேப்பில் சேர்ப்பதால் ஆபத்து இல்லை. பேஸ் ஹெட்டைக் கிட்டார் கேப்பில் சேர்த்தால் கோன் அளவுக்கு மீறி ஆடிக் கிழியும்.

அக்கம்பக்கத்தையும் நினைக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. உங்கள் ஸ்பீக்கர் ஒரு வாட்டிலேயே ஒரு மீட்டர் தூரத்தில் 100 பக்கம் போகும். இரவில் வாசிக்க வேண்டும் என்பதற்காகக் கேப் ஒயரைப் பிடுங்கிவிட்டு லைன் அவுட்டில் ஹெட்போன் போட்டுவிடாதீர்கள். ட்யூப் ஹெட்டுக்கு அந்த இடத்தில் லோட் பாக்ஸ், அதாவது ஸ்பீக்கருக்குப் பதிலாகச் சுமையை ஏற்கிற பெட்டி, வேண்டும், அதற்கும் ஓம் பொருத்தம் உண்டு.

முதல் ஸ்விட்ச்

எல்லா ஒயரும் சொருகிய பிறகுதான் பவர். பையன் வீட்டில் செய்தது இது: மீட்டர் 6.6 சொன்னதால் கேப்பை 1×8 ஓட்டையில் சொருகினோம், செய்துகொண்டு போயிருந்த சிவப்பு டேப் ஒயரால். கிட்டாரைச் சொருகி, எல்லா வால்யூமையும் பூஜ்யத்தில் வைத்தோம். ஸ்டாண்ட்பையில் வைத்துப் பவர் போட்டு, வால்வுகள் மெல்ல ஆரஞ்சு நிறத்துக்கு வரும்வரை ஒரு நிமிஷம் காத்திருந்தோம். ஸ்டாண்ட்பையை விடுவித்ததும் கேப்பிலிருந்து மிக மெல்லிய 'ஸ்ஸ்' கேட்டது. அது கேட்காவிட்டால் உடனே திரும்ப ஸ்டாண்ட்பைக்குப் போய்விடுங்கள், ஸ்பீக்கர் தொடர்பு இல்லை. கேட்டால் வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம்.

பத்து நிமிஷம் வாசித்த பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டுப் பின்பக்கம் பார்த்தோம். வால்வின் நடுவே இழை ஒளிர்வது இயல்பு. வெளித்தகடு சிவந்தால்தான் நிறுத்த வேண்டும். கருகல் வாசனை வருகிறதா என்று மோந்து பார்த்தோம், ஒயரைத் தொட்டுப் பார்த்தோம், அது குளிர்ந்தே இருந்தது. அணைக்கும்போது ஸ்டாண்ட்பை, பவர், கொஞ்சம் பொறுத்து ஒயர் என்ற வரிசை. ஹெட்டின் உள்பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம் என்று அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கும்.

கிளம்பும் முன் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் "6.6 அளந்தது, 8 ஓம் கேப், 16 ஓம் ஸ்பீக்கர் இரண்டு, பக்க இணைப்பு" என்று எழுதி, தேதியும் போட்டு, கேப்பின் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். "விக்கறப்ப இதைக் கிழிச்சிடணுமாண்ணா?" என்று கேட்டான். "வேணாம், இருக்கட்டும். வாங்கறவங்க முன்னாடி மீட்டர் வெச்சுக் காட்டு" என்றேன்.